வீட்டு சிமுலேட்டரில் விமானம் ஓட்டக் கற்பது: எது கைக்கு வரும், எது வராது

வீட்டில் கணினி முன் உட்கார்ந்து மாதக்கணக்கில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பழகிய ஒருவர் முதன்முதலாக உண்மையான பயிற்சி விமானத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ஜினைக் கிளப்பும் முறை அவருக்குத் தெரியும். ஓடுபாதையில் 55 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகம் வந்ததும் மூக்கைத் தூக்க வேண்டும், 74 நாட்டில் ஏற வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் விமானம் தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் ஒன்றைக் கவனித்துவிடுவார். இவர் கண் வெளியே போவதே இல்லை. உயரமானியைப் பார்க்கிறார், ஏறும் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்கிறார், முள் அசைந்தால் கையை அசைக்கிறார், அது அதிகமாகிப் போக மறுபடி திருத்துகிறார். கண்ணாடிக்கு வெளியே அடிவானம் அகலமாக விரிந்து கிடக்கிறது. அதை அவர் பயன்படுத்துவதில்லை. இந்த இடத்தில் பல பயிற்சியாளர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கருவிகளை மூடிவிடுவார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, சிமுலேட்டர் ஆளைக் கெடுத்துவிடும், அந்தப் பக்கமே போகாதே என்று சொல்கிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், இன்றைய சிமுலேட்டரில் எல்லாமே நிஜம் போலத்தான் இருக்கிறது, பாதிப் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. விமானம் ஓட்டக் கற்பதில் முதலில் வர வேண்டியது வெளியே பார்த்து ஓட்டுவதும், கையிலும் உட்காரும் இடத்திலும் விமானத்தை உணர்வதும். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் ஓட்டுவது கடைசியில் வருவது. வீட்டு சிமுலேட்டர் அந்தக் கடைசிப் பாடத்தை மிக நன்றாகவும், முதல் பாடத்தை மிக மோசமாகவும் கற்றுத் தருகிறது. இந்த வரிசைக் குழப்பத்தைப் புரிந்துகொண்டால் அதை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

மேகத்துக்காகப் பிறந்த பெட்டி

இந்தக் குணம் சிமுலேட்டருக்குப் பிறப்பிலேயே வந்தது. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பிங்ஹாம்டன் என்ற ஊரில், எட்வின் லிங்க் தன் குடும்பத்தின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டு, சாய்ந்து திரும்பி ஆடும் சிறிய விமானப் பெட்டி ஒன்றை 1929இல் உருவாக்கினார். ஆரம்பத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான்.

1934 பிப்ரவரியில் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு அமெரிக்க ராணுவத்தின் விமானப் படைக்கு வந்தது. குளிர்காலம், இரவுப் பயணம், பனிமூட்டம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அந்த விமானிகளில் பலருக்குப் போதுமானதாக இல்லை. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்துகள், உயிரிழப்புகள். அந்த ஆண்டே ராணுவம் லிங்கிடமிருந்து ஆறு பெட்டிகளை, ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டியில் பழகினார்கள். உள்ளே உட்கார்ந்ததும் மேல்மூடி மூடப்படும், வெளியே எதுவும் தெரியாது. கருவிகளும் காதில் ஒலிக்கும் ரேடியோவும் மட்டும்தான். அதாவது, வெளியே பார்க்க முடியாத நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கற்பிக்கத்தான் சிமுலேட்டர் பிறந்தது.

வீட்டுக்கு வந்த கதையும் அதே போக்கில்தான் போகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த புரூஸ் ஆர்ட்விக், பறக்கும்போது தெரியும் காட்சியைக் கணினியால் உடனுக்குடன் வரைவது பற்றி 1975இல் தன் ஆய்வேட்டை எழுதினார். பிறகு சப்லாஜிக் என்ற நிறுவனத்தின் வழியாக ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு விமான சிமுலேட்டர் வந்தது. 1982இல் அதன் வழித்தோன்றல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. திரையைத் திறந்தால் சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் விமானம் நிற்கும். ஒரு தலைமுறையே அங்கிருந்துதான் கிளம்பியது. 2003இல் அந்த நகர மேயர் இரவோடு இரவாக அந்த ஓடுபாதையை உடைத்துப் போட்டபோது, அங்கே ஒருநாளும் கால் வைக்காத எத்தனையோ பேர் வருந்தினார்கள்.

அன்றைய கணினியால் வெளியுலகைச் சில கோடுகளாகத்தான் வரைய முடிந்தது. ஆனால் முள்ளும் எண்ணும் வரைவதற்கு அந்தச் சக்தி போதும். எனவே அந்தச் சின்னத் திரையிலேயே கருவிகள் உருப்படியாக வேலை செய்தன. 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகத்தையே திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் காற்று தரும் விசையைக் கணக்கிடும் எக்ஸ்-பிளேன் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கும் ஃபிளைட்கியர் இருக்கிறது. இவ்வளவு வளர்ந்தும் கருவி நிஜத்துக்கு நெருங்கிய அளவு வெளிக்காட்சி நெருங்கவில்லை. திரையில் தெரியும் முள்ளும் விமானத்தில் உள்ள முள்ளும் கிட்டத்தட்ட ஒன்றே. திரையில் தெரியும் அடிவானம் அப்படி இல்லை.

178 வினாடி

கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் அதே இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பாடம் உண்டு. 1954இல் அங்கே, கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பொனான்சா விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி பார்வையை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம், சராசரியாக 178 வினாடி. பெரும்பாலானோர் விழுந்தது சுழல் இறக்கத்தில். விமானம் மெல்லச் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, வட்டம் இறுகி, வேகம் ஏறிக்கொண்டே போகும்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் திருப்பம் தொடங்குவதையும் நிற்பதையும்தான் சொல்லும். ஒரே சீராக நீடிக்கும் திருப்பத்தைச் சிறிது நேரத்தில் மறந்துவிடும். மிக மெதுவாகத் தொடங்கும் சாய்வை அது உணர்வதே இல்லை. சாய்ந்திருக்கும் விமானத்தைச் செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) பார்த்துச் சமன் செய்தால், சரியான நிலைக்கு வந்த அந்தக் கணத்தில்தான் மறுபக்கம் கவிழ்வதாக உடம்பு அலறும். அந்த அலறலைக் கேட்காமல் முள்ளை நம்புவதுதான் கருவிப் பறப்பின் மையம்.

இங்கேதான் வீட்டு நாற்காலியின் எல்லை தெரிகிறது. கருவிகளை எந்த வரிசையில் பார்ப்பது, ஒன்றை மட்டும் வெறித்துக்கொண்டிருக்காமல் செயற்கை அடிவானத்துக்குத் திரும்பத் திரும்ப எப்படி வருவது, ஒன்று பழுதானால் மற்றவற்றை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் வீட்டிலேயே நன்றாகப் பழகலாம். ஆனால் உடம்பு எதிர்த்து வாதாடும்போதும் முள்ளை நம்புவதைப் பழக முடியாது. நாற்காலியில் உடம்பு எதையும் எதிர்ப்பதில்லை. சிமுலேட்டரில் மேகத்துக்குள் மணிக்கணக்கில் தடுமாறாமல் ஓட்டிய ஒருவர், எனக்கு அது வந்துவிட்டது என்று நினைத்து உண்மையான மேகத்தை நெருங்கினால், அது உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கை கற்க வேண்டியது

செஸ்னாவில் மூக்கை மேலே பிடித்துக்கொண்டே இருந்தால் கை வலிக்கும். அந்தச் சுமையை இறக்கத்தான் ட்ரிம் சக்கரம். யோக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், கையில் உள்ள அழுத்தம் மெல்லக் கரைந்து காணாமல் போகும். யோக் நகராது. பிறகு கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சிறு விமானம் ஓட்டுவதில் பாதி நிம்மதி இந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது.

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங். அதற்கு விமானத்தின் வேகம் தெரியாது, எப்போதும் நடுவுக்கே இழுக்கும். அங்கே ட்ரிம் செய்யும்போது குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு விட்டுக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். கை கற்பது வேறொரு அசைவை. அதோடு, விமானம் வேகம் இழக்கும்போது கட்டுப்பாடுகள் தொளதொளவென்று இலகுவாகும் எச்சரிக்கை ஸ்பிரிங்கில் வராது. ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் நிலை, நெருங்குவதை உண்மையான மாணவர் கையாலும் காதாலும் அறிகிறார், சிமுலேட்டர் மாணவர் வேகமானியில் படித்துத் தெரிந்துகொள்கிறார். விசையைத் திருப்பித் தரும் யோக்குகள் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம். ஆனால் வாங்க முடிந்தவருக்கு, அழகான திரையைவிட அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரடர், அதாவது கால் பெடலால் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை, அடுத்த பிரச்சினை. புறப்படும்போது முழு பவர் கொடுத்ததும் செஸ்னாவின் மூக்கு இடப்பக்கம் ஓடும். விசிறி சுழற்றிவிடும் காற்று வாலில் மோதுவது, மூக்கு தூக்கியிருக்கும்போது விசிறியின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அதிகமாக இழுப்பது என்று காரணங்கள் பல. வலது பெடலை மிதித்தால்தான் நேராகப் போகும். சிமுலேட்டரில் உதவி அமைப்புகள் இதைத் தானாகவே செய்துவிடுவதுண்டு. அதை அணைக்காமல் பழகியவருக்குத் தன் காலுக்கு ஒரு வேலை இருப்பதே தெரியாது. பிறகு பயிற்சியாளர் "வலது கால், வலது கால்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பெடல் இல்லாமல் குச்சியை முறுக்கி ரடர் கொடுத்துப் பழகுவதும் இதே சிக்கலில் கொண்டுவிடும்.

தரையிறங்குவதில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும் பகுதியில், ஓடுபாதையின் வடிவம் கண்ணாடியில் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஒரு படமாக மனதில் பதிய வேண்டும். நீண்டு குறுகித் தெரிந்தால் உயரம் அதிகம், தட்டையாகத் தெரிந்தால் குறைவு. இது திரையிலும் பதியும். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், சிமுலேட்டரில் இரண்டு அமர்வு தரையிறங்கிப் பழகிய மாணவர்களுக்கு, தனியே பறக்க அனுமதி கிடைக்கும்வரை உண்மையான விமானத்தில் தேவைப்பட்ட தரையிறக்கங்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. எனவே ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கடைசிப் பத்து இருபது அடி வேறு விஷயம். அங்கே மூக்கை மெல்லத் தூக்கி இறக்கத்தை நிறுத்த வேண்டும். எப்போது என்பதைச் சொல்வது ஓரக்கண். இரண்டு பக்கமும் தரை ஓடும் வேகமும், அது கண் மட்டத்துக்கு எழும்பி வருவதும் மனிதப் பார்வையின் ஓரங்களில்தான் தெரியும். மேஜைமேல் உள்ள திரை அந்த அகலத்தில் ஒரு சிறு பகுதிதான். தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதைப் போட்டால் கை வைக்கும் பொத்தான் தெரியாது, சிலருக்குக் குமட்டலும் வரும்.

அப்புறம், பயம். திரையில் விபத்து நடந்தால் மறுபடி தொடங்கலாம். எந்த நேரமும் நிறுத்தி வைத்துவிட்டு யோசிக்கலாம். வானத்தில் அந்த வசதி இல்லை என்பது உடம்புக்குத் தெரியும், அதனால் உள்ளங்கை வேர்க்கும், பிடி இறுகும், எளிய கணக்குகூட மறந்துபோகும்.

எவ்வளவு மிச்சம்?

சரி, இவ்வளவு குறை இருந்தும் ஏன் பழக வேண்டும்? இதற்கு 1973இல் வெளியான பழைய ஆய்வு ஒன்று நல்ல பதில் வைத்திருக்கிறது. பொவன்மயர், ராஸ்கோ என்ற இருவர் இல்லினாயில் செய்தது. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, லிங்க் நிறுவனத்தின் தரைப் பயிற்சிக் கருவியில் ஒரு குழுவுக்கு 3 மணி நேரம், இன்னொன்றுக்கு 7, மற்றொன்றுக்கு 11 என்று கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோரும் பைப்பர் செரோக்கி விமானத்தில் கற்றார்கள். பயிற்சிக் கருவியைத் தொடாதவர்கள் இறுதிச் சோதனையில் தேற, விமானத்தில் சராசரியாக 45 மணி நேரம் ஆனது. 3 மணி நேரம் பழகியவர்களுக்கு ஏறக்குறைய 40. 11 மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 38.

முதல் 3 மணி நேரம் ஏறக்குறைய 5 விமான மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. அதற்கு மேல் செலவழித்த 8 மணி நேரம் சேர்த்துக் கொடுத்தது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். சிமுலேட்டரின் பயன் தொடக்கத்தில் மிக அதிகம், பிறகு வேகமாகச் சரிகிறது. அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தோடு நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டில் தனியாக, மனம் போன போக்கில் சுற்றும் நூறு மணி நேரம் அந்தக் கணக்கில் வராது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவியில், அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் உடனிருந்து நடத்தினால் 2.5 மணி நேரம் வரை அதில் சேரும். கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் தகுதிக்கோ, பயிற்சிக் கருவியின் தரத்தைப் பொறுத்து 10 அல்லது 20 மணி நேரம் வரைகூடச் சேரும். விதி எழுதியவர்களுக்கும் சிமுலேட்டரின் பலம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறது. இந்தியாவிலும் தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். வீட்டுக் கணினியில் ஓட்டிய நேரம் இரண்டு நாட்டிலும் பதிவேட்டில் ஏறாது.

ஆகவே வீட்டில் பழக வேண்டியது விமானத்தைவிட, விமானத்தில் செய்யும் காரியங்களின் ஒழுங்கு. எல்லாம் அணைந்த நிலையிலிருந்து தொடங்கி, சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வது. வாட்சிம் போன்ற வலையமைப்பில், தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளராக இருந்து பேசும்போது பதில் சொல்லிப் பழகுவது. ஓடும் விமானத்தில் கட்டணம் கொடுத்துக்கொண்டே ரேடியோவில் திக்கிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். நாளை பறக்கப் போகும் பாதையை இன்றிரவு செயற்கைக்கோள் காட்சியில் ஒருமுறை பறந்து, எந்த ஏரிக்குப் பிறகு எந்த ரயில் பாதை வரும் என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்வதும் மிகப் பயனுள்ளது. வெளியே பார்க்கும் பழக்கத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. கருவிப் பலகை தெரியாத காட்சிக்கு மாற்றிக்கொண்டு, அடிவானத்தையும் என்ஜின் சத்தத்தையும் மட்டும் வைத்து ஓட்டிவிட்டு, அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது. பயிற்சி வகுப்பு தொடங்கிய பிறகு, அன்று பயிற்சியாளர் சொன்னதை அன்று மாலையே திரையில் மறுபடி செய்து பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

உண்மையான விமானத்தில் செய்யவே முடியாத ஒரு பாடமும் இங்கே கிடைக்கிறது. புறப்பட்டு ஏறும்போது என்ஜின் நின்றால் என்ன செய்வது? திரும்பி ஓடுபாதைக்கே வந்துவிடலாம் என்ற ஆசை பலரைக் கொன்றிருக்கிறது. திரும்புவது 180 பாகை மட்டுமல்ல, ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு வர அதைத் தாண்டித் திரும்பி மறுபடி மறுபக்கம் திரும்ப வேண்டும். 45 பாகை சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். செஸ்னா 172எஸ் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடக்குப் பலகை) இறக்காமல் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் என்றால், அந்தத் திருப்பத்தில் 57லேயே ஆகிவிடும். சறுக்கிப் போக உகந்த வேகம் 68. நடுவில் உள்ள இடைவெளி வெறும் 11 நாட். இதை உண்மையான விமானத்தில் தரைக்கு அருகே ஒத்திகை பார்க்க எந்தப் பொறுப்பான பயிற்சியாளரும் சம்மதிக்க மாட்டார். சிமுலேட்டரில் 500 அடியில் என்ஜினை நிறுத்திப் பார்க்கலாம், 700இல், 1,000இல் பார்க்கலாம், எதிர்க்காற்றை மாற்றிப் பார்க்கலாம். எந்த உயரத்துக்குக் கீழே திரும்பும் முயற்சி மரத்தில் முடிகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. திரையில் என்ஜின் நிற்கப் போவது முன்கூட்டியே தெரியும், கை உடனே மூக்கைத் தாழ்த்துகிறது. வானத்தில் நடந்ததை நம்பவே சில வினாடி போய்விடும், அந்த வினாடிகளில் வேகமும் உயரமும் கரையும். எப்போது நிற்கும் என்று தெரியாதபடி பழுதைத் தற்செயலாக வர வைப்பது ஒன்று, நின்ற பிறகு நான்கு வினாடி எதுவும் செய்யாமல் காத்திருந்து தொடங்குவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எண் நிஜத்துக்குக் கொஞ்சம் நெருங்கும். பிறகு அதைப் பயிற்சியாளரிடம் காட்டி, அந்த விமானத்துக்கும் அந்த ஓடுபாதைக்கும் அவர் எத்தனை அடி கூட்டச் சொல்கிறாரோ அத்தனையும் கூட்டி, ஒவ்வொரு முறையும் பவர் கொடுப்பதற்கு முன் "இதற்குக் கீழே நின்றால் நேரே முன்னால்தான் இறங்குவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.